நஜீமாக்கா ஃபைல் பார்க்கப் போன கதை

நஜீமாக்காவை ஏர்போர்ட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். கோபமெல்லாம் அப்புறம். அந்த மனுஷியை ஓர் இடத்தில் நிறுத்த ஓர் ஆளால் முடிந்தது என்பதை, மலைக்கோட்டைக்குக் கீழே எங்கள் சந்தில் யாரும் நம்பத் தயாராக இல்லை.

நான் பவித்ரா. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் இடிபட்டு வந்து அந்தச் சந்தில் ஜெராக்ஸ் கடை திறக்கிறவள். என் கடைக்கு நேர் எதிரே பரக்கத் அலி பாயின் சூட்கேஸ் ரிப்பேர் கடை. குவைத்தில் இருபது வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்கு வந்து, இப்போது ஜிப்பும் சக்கரமும் மாற்றிக் கொடுக்கிறார். வாயில்லாப் பூச்சி. அந்த வீட்டுக்கு வேண்டிய வாய் முழுவதையும் அவர் மனைவி நஜீமாக்காவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

கடைக்கு மேலே மாடியில் வீடு. காலையில் அந்த மாடியிலிருந்து இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் இறங்கும். சந்தில் பாதி வீட்டுக்கு அதுதான் டிபன். பதினோரு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு நஜீமாக்கா இறங்கி வந்தால், ஊர் நியாயம் முழுவதும் என் கடை வாசலில் பேசி முடிக்கப்படும். ஒரு தடவை ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் திரும்பப் பார்த்தோம். நஜீமாக்கா மட்டும், "இல்லைன்னு வாயால சொல்லாதீங்க தம்பி, போர்டுல எழுதிப் போடுங்க. நான் இப்படி உக்காந்துக்கறேன்" என்று வாசலில் குந்திவிட்டார். அரை மணி நேரத்தில் பருப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்து எல்லோரும் சாம்பார் வைத்தோம்.

இவர்களுக்கு ஒரே பெண், இர்பானா. கட்டிக்கொடுத்து மாப்பிள்ளை ஜாவித்தோடு ஷார்ஜாவில் இருக்கிறாள். அவளுக்குத் தலைப்பிரசவம். ஊருக்கு அழைத்து வந்துவிடலாம் என்றுதான் இருந்தார்கள். ஆனால் டாக்டர் விமானம் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் நஜீமாக்கா ஒரு அங்குலம்கூட இறங்கி வரமாட்டார்.

"பொண்ணு வீட்டுக்கு வர முடியலையா, சரி. வீடு பொண்ணுகிட்ட போகும்" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

பூண்டு லேகியம், வறுத்து அரைத்த மல்லித்தூள், குழந்தைக்கு வசம்பு, பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள், மண்ணச்சநல்லூர் மில்லில் நேரில் போய் வாங்கி வந்த அரிசி. அங்கே அரிசி கிடைக்காதா என்று நான் கேட்டதற்கு, "கிடைக்கும், அதைச் சோறுன்னு சொல்லணுமே" என்று பதில் வந்தது. பாய் அட்டைப்பெட்டிகளை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நாலு பக்கமும் மார்க்கரால் பெயர் எழுதினார். விமானம் எப்படிக் குலுக்கினாலும் பெட்டி பிரியாது என்று அவருக்கு ஒரே பெருமை.

போன பெட்டிகள் அன்று மாலையே அதே கயிற்றோடு திரும்பி வந்தன. இமிக்ரேஷன் கவுன்டரில் இருந்த பையன் பாஸ்போர்ட்டை வைத்துப் பார்த்திருக்கிறான், திரையைப் பார்த்திருக்கிறான், இன்னொருவரைக் கூப்பிட்டிருக்கிறான். "அம்மா, இந்தப் பாஸ்போர்ட் மேல ஒரு தடை இருக்கு. இதுல போக முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். என்ன தடை, யார் போட்டது, எதற்கு? நஜீமாக்கா கேட்காத கேள்வி இல்லை. காரணம் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லையாம். கடைசியில் அந்தப் பையனே பாவம் பார்த்தோ, விட்டால் போதும் என்றோ, "தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டுப் பாருங்கம்மா" என்று சொல்லியிருக்கிறான். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டான், பிள்ளை.

சந்து சும்மா இருக்குமா? திருச்சி ஏர்போர்ட் என்றாலே எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடத்தல் தங்கம்தான் ஞாபகம் வரும். மறுநாள் காலை இடியாப்பம் வாங்க வந்த இரண்டு பெண்கள், "எதுவும் இல்லாமயா நிறுத்துவாங்க" என்று என் காதுபடப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கையால் பிழிந்த இடியாப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்களே! என் கடையில் அவர்களுக்கு இனி ஆதார் ஜெராக்ஸ் கிடையாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

அன்று பதினோரு மணிக்கு நஜீமாக்கா இறங்கி வந்தார்.

"பவி, கம்ப்யூட்டரைப் போடு. அரசாங்கத்தைக் கேள்வி கேக்கணும்."

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். என்னை ஏன் நிறுத்தினீர்கள்? நான் என்ன திருடினேன்? நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக விமானம் ஏற வந்தவளை நாலு பேர் முன்னால் ஓரமாக நிற்க வைத்தது நியாயமா? என் மகளுக்கு லேகியம் கிண்டிக் கொடுக்க யாரை அனுப்பப் போகிறீர்கள்? எனக்கும் கொதிப்பாக இருந்ததால் ஒரு வரியையும் வெட்டவில்லை. சொந்தமாக இரண்டு ஆச்சரியக்குறிகள் வேறு சேர்த்தேன். இமிக்ரேஷனுக்கு ஒன்று, பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஒன்று என இரண்டு மனுக்களும் பதிவுத் தபாலில் போயின.

பரக்கத் பாய்க்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"கவர்மென்ட்டோட எதுக்கு நஜீமா வம்பு? பேசாம புதுசுக்கு எழுதிப் போட்டுடலாமே."

"என்ன தடைன்னு தெரியாம புதுசுக்கு எழுதிப் போட்டா அதையும் தடுப்பான். அதுவும் இல்லாம, நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியணும். ஊரே பேசுது, உங்களுக்கு ரோஷமே இல்லையா இர்பானா அத்தா?"

பாய் கடைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் முகமே சரியில்லை. டீயை ஆறவிட்டுக் குடித்தார். துறையூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பெட்டிக்கு ஜிப்பைத் தலைகீழாகத் தைத்துக் கொடுத்துவிட்டார். வந்தவர் கடை வாசலில் நின்று பெட்டியைத் திறக்க முடியாமல் மல்லுக்கட்டினார். மனைவிக்கு நேர்ந்த அவமானத்தை நினைத்து மனுஷன் உருகுகிறார் என்று நான் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து இரண்டு பதில்களும் வந்தன. இமிக்ரேஷன்காரர்கள் தங்கள் துறை இந்தச் சட்டத்துக்குள் வராது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். பாஸ்போர்ட் அலுவலகமோ, நீங்கள் காரணமும் விளக்கமும் கேட்டிருக்கிறீர்கள், பதிவேட்டில் உள்ளதைத்தான் தர முடியும், எந்தப் பதிவு வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள் என்று எழுதியிருந்தது. நஜீமாக்கா என் போனைப் பிடுங்கி, கடிதத்தின் தலைப்பில் இருந்த எண்ணை அடித்தார். எடுத்தவர் லிசி என்ற ஓர் அதிகாரி. பத்து நிமிஷம் திட்டு வாங்கிவிட்டு அந்த அம்மா நிதானமாகப் பேசியது எனக்கும் கேட்டது.

"அம்மா, ஏன் ஏன்னு கேட்டா என்னால பதில் எழுத முடியாதுங்க. சட்டத்துல அதுக்கு இடமில்ல. என் ஃபைலை நேர்ல பாக்கணும்னு ஒரே வரி எழுதி அனுப்புங்க. உங்க ஃபைல், பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நானே எடுத்துக் காட்டுறேன்."

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று நஜீமாக்கா ஒரு கடைசித் திட்டு திட்டிவிட்டு, "நல்லா இருப்பீங்க தாயி" என்று வைத்தார்.

ஒரே வரி எழுதினோம். ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது. இர்பானாவுக்கு ஏழு முடிந்து எட்டு பிறந்துவிட்டது. அவளுக்கு வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. வீடியோ காலில் முகம் சுண்டிப்போய் வருவாள். "வந்துடுவியாம்மா? எனக்குப் பயமா இருக்கும்மா" என்பாள். நஜீமாக்கா அவள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டார். "உன் அம்மாவைத் தடுக்க ஆள் பொறந்து வரணும்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். பிரசவத்துக்குள் போய்ச் சேர முடியுமா என்பதுதான் கவலை. தங்கம், ஊர்ப்பேச்சு எல்லாம் அப்போது அவருக்குத் தூசு.

ஃபைல் பார்க்கத் தேதி கொடுத்தார்கள். எங்கள் சந்தில் இதுவரை யாரும் ஃபைல் பார்க்கப் போனதில்லை. பார்க்கப் போவது என்றால் எங்களுக்குத் தெரிந்தது பெண் பார்க்கப் போவது ஒன்றுதான். எனவே அப்படியே கிளம்பினார்கள். பாயின் தங்கை மஜீதா பெரியகடைவீதியில் ஒரு கிலோ ஸ்வீட் வாங்கிக்கொண்டார். நஜீமாக்கா பெட்டியில் இருந்த புதுப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டார். அக்கம்பக்கத்து வீட்டு ஆட்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், நான் என்று ஒரு வேன் நிறைந்துவிட்டது. பாய் மட்டும், "கடையில அர்ஜென்ட் வேலை இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று பின்வாங்கினார்.

"வீட்டு ஆம்பிளை இல்லாம போனா நல்லாவா இருக்கும்?" என்று மஜீதா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வேனில் ஏற்றினார்.

லிசி மேடம் எங்கள் கூட்டத்தைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். உள்ளே மூன்று பேர்தான் வரலாம் என்றார். நஜீமாக்கா, மஜீதா, படித்துச் சொல்ல நான். மீதிப் பேர் கதவோரம் எட்டிப் பார்த்தார்கள். பாய் எல்லோருக்கும் பின்னால், தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றார். ஸ்வீட்டை நீட்டியதும், ஆபீஸில் வாங்கக் கூடாது என்று லிசி மேடம் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

ஃபைல் மெலிதாக இருந்தது. முதலில் பழைய விண்ணப்பம், அதில் நஜீமாக்காவின் போட்டோ.

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கீங்க மச்சி" என்றார் மஜீதா. அண்ணன் மனைவியை அவர் மச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"இப்ப என்ன கொறைஞ்சு போச்சாம்?"

அடுத்த தாளைத் திருப்பியதும் நஜீமாக்காவின் பேச்சு நின்றது. கோடு போட்ட தாளில் கையால் எழுதிய ஒரு கடிதம். மார்க்கரால் அட்டைப்பெட்டியில் எழுதுவதுபோல் கொட்டை கொட்டையான எழுத்து. நாங்கள் மூன்று பேரும் அந்த எழுத்தைத் தினமும் பார்க்கிறவர்கள்.

"படி பவி" என்றார்.

நான் படித்தேன். கொரோனாவுக்குக் கொஞ்சம் முன்னால் எழுதப்பட்டது அது.

"ஐயா, மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக டிக்கெட் போடுவதற்காக என் மனைவி நஜீமாவின் பாஸ்போர்ட்டை வாங்கிப் போன நான், துறையூர் பஸ்ஸில் அதைத் தொலைத்துவிட்டேன். அவள் மேல் தப்பு எதுவும் இல்லை. வேறு யாரும் அதை வைத்துக்கொண்டு பயணம் போகாதபடி உடனே தடுத்து நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் இருபது வருஷம் வெளிநாட்டில் சம்பாதித்தேன். அவள் என்னிடம் நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. இந்த ஒரு பயணம்தான் கேட்டாள். அவளுக்குத் தெரிவதற்குள் புதுப் பாஸ்போர்ட் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். தெரிந்தால் திட்டுவாள். அது பழகிவிட்டது. ஆனால் அழுவாள். அதை என்னால் பார்க்க முடியாது. இப்படிக்கு, பரக்கத் அலி."

லிசி மேடம் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறாரா வேறு எதையாவது அடக்குகிறாரா என்று தெரியவில்லை. அரசாங்கம் ஒன்றும் தப்பு செய்யவில்லை. தடுத்து நிறுத்துங்கள் என்று பாய் கேட்டார், தடுத்து நிறுத்திவிட்டார்கள். நாலு வருஷம் கழித்தும் மறக்காமல் நிறுத்தினார்கள் பாருங்கள், அதற்கு ஒரு சபாஷ் போட வேண்டும்.

"இர்பானா அத்தா! இங்க வாங்க."

கூட்டம் வழிவிட்டது. பாய் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"தொலைஞ்சு போச்சா? யா அல்லாஹ், அன்னிக்கு ராத்திரி நீங்கதானே என் கையில கொடுத்தீங்க! நான் அரிசி டிரம்முக்குள்ள வச்சேனே!"

"குடுத்தது ஞாபகம் இல்லம்மா. காலையில பையில பாத்தேன், காணோம். உன்கிட்ட கேக்கப் பயமா இருந்துச்சு. நேரா போலீஸ், நேரா இங்க."

"ஒரு வாரம் கழிச்சு நான் டிரம்முலேந்து எடுத்தப்ப பக்கத்துலதானே நின்னீங்க?"

"சந்தோஷத்துல எனக்கு வேற எதுவும் தோணல. அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிட்டு விட்டுட்டேன். அப்புறம் லாக்டவுன் வந்துடுச்சு, உம்ராவும் நின்னு போச்சு. ஏர்போர்ட்லேந்து நீ திரும்பி வந்தப்பதான் அந்த லெட்டர் ஞாபகம் வந்துச்சு. மறுநாளே இங்க தனியா வந்து கேட்டேன். பாஸ்போர்ட்டுக்குச் சொந்தக்காரங்கதான் வரணும்னு அனுப்பிட்டாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

இப்போது வரும் திட்டு மன்னார்புரம் வரை கேட்கும் என்று எதிர்பார்த்தோம். நஜீமாக்காவோ அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தனை பேர் முன்னால், அரசாங்க மேசையில் தலையைச் சாய்த்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது.

பாய் பதறிப்போனார். "ஐயோ, அழாதே நஜீமா. திட்டு. திட்டிடு, நல்லாத் திட்டு. மேடம், நீங்களாவது சொல்லுங்க மேடம்."

அதைக் கேட்டதும் நஜீமாக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அப்புறம் திட்டினார் பாருங்கள்! அந்த ஆபீஸில் பேனா பிடித்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. நிக்காஹ் ஆன நாளிலிருந்து தொடங்கி, குவைத்திலிருந்து அவர் வாங்கி வந்த ஓடாத மிக்ஸி வழியாக, துறையூர் பஸ் வரைக்கும் ஒரு புள்ளி விடாமல் வந்தார். ஒவ்வொரு திட்டுக்கும் பாயின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அந்த மாதிரி சந்தோஷமாகத் திட்டு வாங்கிய மனுஷனை நான் பார்த்ததே இல்லை.

கடிதத்துக்கு முத்திரை போட்ட நகல் ஒன்றை நஜீமாக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் அதை என் கடையில் ஜெராக்ஸ் எடுத்து, தங்கம் என்று பேசிய அந்த இரண்டு பெண்களுக்கும் இடியாப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தார். "படிச்சுப் பாருங்க. என் மேல இருக்கறது என் வீட்டுக்காரர் போட்ட கேஸ்தான்" என்றார். ஒருத்தி படித்துவிட்டுக் கண் கலங்கி, வீட்டுக்குப் போய்த் தன் புருஷனிடம் சண்டை போட்டாள் என்று கேள்வி.

புதுப் பாஸ்போர்ட்டுக்கான வேலை எல்லாவற்றுக்கும் பாய்தான் ஓடினார். போலீஸ் ஸ்டேஷன், பாஸ்போர்ட் ஆபீஸ், தபால் ஆபீஸ் என்று கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு அலைந்தார். இர்பானாவுக்கு ஒன்பதாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் நாங்கள் தபால்காரரை வழிமறித்துக் கேட்டோம். கடைசியில் பாஸ்போர்ட் வந்தபோது, பாய் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்து, "பவித்ரா, நீ சாட்சி. இப்ப இவ கையில கொடுக்கறேன். போட்டோ எடுத்துக்க" என்றார். எடுத்தேன். படத்தில் நஜீமாக்கா அவரை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த நாள் விமானத்துக்கே டிக்கெட் போட்டார்கள். கிளம்பும் அன்று காலைதான் ஜாவித் போன் செய்து, வலி எந்த நேரமும் வரலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். மறுபடியும் அதே வேன், அதே கூட்டம். நஜீமாக்கா எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டுத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நடக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

நாங்கள் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாய் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. மஜீதா துஆ ஓதிக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் ரெங்கநாதரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருவரில் யாராவது ஒருவருக்குக் கேட்டால் போதும் என்று இருந்தது. போன் அடித்தது. பாய் பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"இர்பானா அத்தா! விட்டுட்டாங்க! ஒண்ணும் கேக்கல, டப்புன்னு முத்திரை குத்திட்டான்! விட்டுட்டாங்க!"

நாங்கள் போட்ட கூச்சலில் காவலுக்கு நின்றவர் ஓடி வந்தார். யாரென்றே தெரியாதவர்கள்கூடக் கை தட்டினார்கள். பாய் மட்டும் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். இத்தனை வருஷம் நான் உள்ள போயிட்டே இருந்தேன் நஜீமா. வெளிய நிக்கறது இப்படித்தான் இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லல."

மறுமுனையில் விமான நிலைய அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே நஜீமாக்கா மெதுவாக, "சொல்லியிருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்க. அதான் சொல்லல" என்றார்.

அன்று மாலை ஷார்ஜாவில் இறங்கி, பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். இர்பானா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே பெற்றாள். ஆண் குழந்தை, பெயர் அயான். நர்ஸ் துடைத்து எடுத்து முதலில் நஜீமாக்காவின் கையில்தான் கொடுத்தாராம்.